தெரிவோரும் தேடுவோரும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். ஒரு கையில் வலைக்கயிறு; மறு கையில் புதிய உதைபந்து.

"பந்து ஆருக்கடா தம்பி?" என்றேன்.

"ஊர்ப் பொடியளுக்கு, ஐயா."

"நீ இப்ப விளையாடுறேல்லையோ?"

"என்னை ஆர் ஐயா பாத்தவை, விளையாட?" என்று சிரித்தான்.

அச்சிரிப்பிற் கசப்பு இல்லை. ஆயினும் அச்சொல் என்னோடு படகில் ஏறிக்கொண்டது. பதினாறு வயதில் இடக்காலாற் பந்தைக் கொண்டோடிய அவனை மறித்தவர் எங்கள் பள்ளியில் எவருமிலர். யாழ்ப்பாண நகரில் ஒருநாள் அணித் தெரிவு நடைபெற்றது. அன்று சோளகம் சீறியது. நெடுந்தீவிலிருந்து படகு புறப்படவில்லை. மறுநாள் நகரஞ் சேர்ந்த அவனிடம், பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னதும் மெய். அவன் பிந்தியதும் மெய். கடலையோ குற்றங்கூற இயலாது. பின்னர் அவன் தந்தையாரோடு தொழிலுக்குப் போனான்.

யான் நன்னூலுந் தொல்காப்பியமும் கற்பிப்பவன். கோட்டுக்கு வெளியே நின்றே பந்தாட்டங் கண்டவன். எனினும் தெரிதல் என்பது தமிழாசிரியனுக்கு அயலான பொருளன்று. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்களைத் திருக்குறள் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே, ஊதியம் அளித்து ஆட்டக்காரரை வைத்திருக்கும் பிறநாட்டுக் கழகங்கள் அவர்களை எவ்வாறு தேடிக் காண்கின்றன, எவ்வாறு தெரிவுசெய்கின்றன என்று அறிய முற்பட்டேன். அறிந்தவற்றை ஆசிரிய நண்பர்கள் முன் வைக்கின்றேன்.

கழகங்கள் ஒன்றுகூடி முறைவைத்து ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் வழக்கத்தை அமெரிக்கர் உருவாக்கினர். அவர்கள் உதைபந்தாட்டம் என்பது நாம் ஆடுவதன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடும் வேறோர் ஆட்டம். 1930களில் அங்குச் செல்வம் மிக்க சில கழகங்களே பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் சிறந்த இளைஞரைத் தம்பால் இழுத்துக்கொண்டன. நலிந்த கழகங்கள் மேலும் நலிந்தன. பிலடெல்பியாக் கழகத்தின் உரிமையாளரான பெர்ட் பெல் என்பார் 1935ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாட்டை முன்மொழிந்தார். சென்ற ஆண்டில் இறுதி இடம் பெற்ற கழகம் முதலில் தெரிவுசெய்யட்டும். வாகை சூடிய கழகம் கடைசியில் தெரிவுசெய்யட்டும் என்பதே அது. பந்தியின் கடைக்கோடியில் இருப்பவனுக்கு முதலில் இலை போடுவது போன்ற நியாயம் இது.

1936 பெப்ரவரி 8ஆம் நாள் அந்நகரத்து விடுதியொன்றில் முதல் தெரிவு நடந்தது. 90 பெயர்கள் கரும்பலகையில் எழுதப்பட்டிருந்தன. தேடித் திரிந்து பார்த்து வருவோர் எனக் கழகங்களுக்கு அக்காலத்தில் தனியே எவருமிலர்; செய்தித்தாளிற் படித்தும் பிறர் சொல்லக் கேட்டுமே பெயர்கள் பலகையேறின. அன்று முதலிடத்தில் தெரிவான ஜே பெர்வாங்கர் அவ்வாட்டத்தைத் தொழிலாக ஒருநாளேனும் ஆடினாரல்லர்!

இத்தகைய பிழைகளிலிருந்தே தேடுவோர் என்னும் தொழில் வளர்ந்தது. இக்காலத்தில் கழகந்தோறும் இதற்கெனப் பலர் உளர். ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பகுதி. ஆண்டு முழுவதும் கல்லூரி கல்லூரியாகச் சென்று பார்ப்பதும், பயிற்றுநரிடம் உசாவுவதும், அறிக்கை எழுதுவதுமே பணி. ஒருவர் எழுதியதை நம்பி அமைவதில்லை. மற்றொருவரை அனுப்பி ஒத்துப்பார்க்கின்றனர். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனாற் சரிபார்க்க வேண்டும் என்னும் வள்ளுவர் நெறி ஈண்டு நினைவுக்கு வருமன்றோ?

1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரிற் கூடி, இளைஞர் 40 யார் தூரத்தை எத்துணை நொடியில் ஓடுகின்றனர், எவ்வளவு உயரம் பாய்கின்றனர் என்று அளந்தும் பார்க்கின்றனர். அளவுகோலும் பொய்ப்பதுண்டு. 2000ஆம் ஆண்டுத் தெரிவில் 198 பெயர்கள் அழைக்கப்பட்ட பின்னரே டாம் பிரேடி என்பார் பெயர் வந்தது. மெலிந்தவர், மெதுவாக ஓடுபவர் என்று கருதப்பட்ட அவ்விளைஞர் பிற்காலத்தில் ஏழுமுறை வாகை சூடிய அணிகளில் ஆடினார்.

நம் ஆட்டமாகிய உதைபந்தாட்டத்திலோ, ஐரோப்பியக் கழகங்கள் ஏழெட்டு வயதிலேயே சிறுவரைக் கண்டு தம் பயிற்சிக்கூடங்களில் வளர்க்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்சு நாட்டிற் பிறந்த விமல் யோகநாதன் அவ்வழியில் வந்தவர். சிறுவயதில் லிவர்பூல் பயிற்சிக்கூடத்திற் பழகிப் பின்னர் பார்ன்ஸ்லிக் கழகத்தை அடைந்து, 2024–25 பருவத்தில் அதன் முதலணிக்காக ஆடினார்.

இத்தகைய தேடுவோர் எதனைப் பார்க்கின்றனர் என்பது ஆசிரியர் கருதத்தக்கது. நம் கண் பந்தின் பின்னே ஓடும்; அவர் கண் பந்தில்லாத இடத்தில் நிற்கும். பந்து தன்னிடம் வருமுன் தலைதிருப்பிப் பார்க்கிறானா? முதற்றொடுகையிற் பந்து அடங்குகிறதா, அகன்று ஓடுகிறதா? பழகாத காலாலும் உதைக்க வல்லனா? பந்தை இழந்தவுடன் இடுப்பிற் கைவைத்து நிற்கிறானா, மீட்க ஓடுகிறானா? இவற்றை ஓர் ஆட்டத்திற் கண்டு துணிவதில்லை. வென்ற நாளிலும் தோற்ற நாளிலும், சொந்த மைதானத்திலும் அயல் மைதானத்திலும் பார்த்த பின்னரே துணிகின்றனர்.

அமெரிக்கர் கண்ட முறைவைப்பு அண்டை நாடான இந்தியாவிலும் சில ஆண்டுகள் வழங்கியது. 2014இல் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்கு உள்நாட்டு ஆட்டக்காரர் அவ்வாறே பகிரப்பட்டனர். 2017 ஜூலையில் மும்பையில் 10 கழகங்கள் கூடியபோது 200க்கு மேற்பட்ட பெயர்கள் பட்டியலில் இருந்தன. புதிய கழகமான ஜாம்ஷெட்பூர், கேரளத்துக் காவலாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை முதலில் அழைத்தது. அடுத்த பருவத்திலிருந்து அம்முறை கைவிடப்பட, கழகங்கள் தாமே தேடி ஒப்பந்தஞ் செய்தன. அந்த 2018ஆம் ஆண்டிலேயே ஜாம்ஷெட்பூர் சேர்த்துக்கொண்டவர்களுள் ஒருவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவக் கிராமமாகிய இரவிபுத்தன்துறையிற் பிறந்தவர். சென்னை சிட்டி என்னும் கழகம் நாடளாவிய போட்டியில் ஆடியது. அதில் ஆடியமையால் அவரைப் பலரும் பார்க்க நேர்ந்தது. கடலோரத்துக் கால்கள் எவ்வகையிலும் குறைந்தனவல்ல. பார்க்கும் கண்ணுக்கு எட்டும் இடத்திற்கு அவை வந்து சேரவேண்டும். அல்லது அக்கண் அவற்றைத் தேடி வரவேண்டும்.

ஈண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைத்தல் தகும். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர் வாரியங்களுக்கு உரியாரைக் குடவோலையால் தெரிவுசெய்தனர். தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். சிறுவனுக்கு வேண்டியவர் வேண்டாதவர் இலர், முறை நேர்மையானதே. ஆனால் நிலமும் மனையும் கல்வியும் உடையார் பெயரே குடத்துட் சென்றது. குடத்துள் இடப்படாத ஓலையை எத்துணைத் தூய கையும் எடுத்தல் இயலாது. இன்றைய தெரிவுகளுக்கும் இது பொருந்தும். கடைசிக் கழகத்திற்கு முதலுரிமை கொடுக்கலாம். ஓர் அறிக்கையை இருவர் ஒத்துப்பார்க்கலாம். பட்டியலில் ஏறாத பெயருக்கு இவற்றால் ஆவதொன்றில்லை.

நம் நிலையை நோக்குவோம். இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்டத் தொடரான சூப்பர் லீக் 2021இல் நடைபெற்றது. பங்குகொண்ட 10 கழகங்களுள் வட மாகாணத்தது ஒன்றுமில்லை. மறுபுறம், 2020இல் லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரில் யாழ்ப்பாணப் பெயர் தாங்கிய அணியொன்று தோன்றியபோது, யாழ் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் அதில் ஆடினார். 2024இல் இந்தியப் பிரீமியர் லீக் வரை சென்றார். ஊருக்கோர் அணி உண்டானபோது ஊர்ப்பிள்ளையின் பெயரும் பட்டியலேறியது.

தீவகத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஊர்காவற்றுறை, வேலணைப் பிள்ளைகள் பண்ணைப் பாலம் வழியே பேருந்தில் நகருக்குச் செல்வர். புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கோ படகே வழி. படகுக்குக் காற்றே எசமான். ஆகவே ஆசிரியர்களிடத்தும் விளையாட்டுச் சங்கத்தாரிடத்தும் மூன்று விண்ணப்பங்கள் உடையேன். தெரிவு நாள் ஒன்றாக இராமல், கடல் மறித்தார்க்கென இன்னொரு நாளும் குறிக்கப்படுக. ஆண்டுக்கொருமுறையேனும் தெரிவோர் படகேறித் தீவுக்கு வருக. மூன்றாவது நம் கடன்: பள்ளிதோறும் ஒரு குறிப்பேடு வைப்போம். பெயர், பிறந்த நாள், ஆடும் இடம், வலிய கால், இரண்டு ஆசிரியர் வெவ்வேறு நாளிற் கண்ட இரண்டு ஆட்டங்கள் ஆகியவற்றை எழுதினாற் போதும். இதற்குப் பொருட்செலவு ஒரு கொப்பியின் விலையே. என் மாணவனுக்காக அன்று யான் அவ்வாறு ஒரு தாள் எழுதி முன்கூட்டியே அனுப்பியிருந்தால், படகு வராத போதும் அவன் பெயராவது போய்ச் சேர்ந்திருக்கும். அனுப்பினேன் அல்லேன்.

படகு நெடுந்தீவை அடைந்தது. துறையில் ஏழெட்டுச் சிறுவர் காத்து நின்றனர். அவன் இறங்குமுன்னரே பந்தை அவர்களிடம் வீசினான். முருகைக்கல் மதிலோரம் நின்ற சிறுவன் ஒருவன், காற்று இழுத்துச்சென்ற அப்பந்தை நெஞ்சில் தாங்கி, இடக்காலடியிற் படுக்க வைத்தான். வைக்குமுன் ஒருமுறை தலைதிருப்பித் தன் தோழர் நின்ற இடத்தையும் பார்த்துக்கொண்டான்.

யான் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "தம்பி, உன்ரை பேர் என்ன?" என்று கேட்டேன். பிறந்த நாளையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.