பொம்மசந்திராவில் எது தாய்மொழி?

2025 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை முதல்வர் மு.க.ஸ்டாலின் வெளியிட்டார். அதே நாள் பெங்களூரில், பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான ஆணையம் கர்நாடகத்துக்கான கல்விக் கொள்கை அறிக்கையை முதல்வர் சித்தராமையாவிடம் கொடுத்தது. ஒன்றிய அரசின் 2020 தேசியக் கல்விக் கொள்கைக்கு எங்களிடம் மாற்று இருக்கிறது என்று இரண்டு மாநிலங்களும் ஒரே நாளில் சொன்னது தற்செயல்தான். மும்மொழி வேண்டாம், இருமொழி போதும் என்று இரண்டுமே சொன்னது தற்செயல் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் 10 அன்று, பெங்களூரில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. ரயில் நிற்கும் கடைசி இடம் பொம்மசந்திரா. அதற்கப்பால் ஓசூர் ரோட்டில் பஸ்தான். சந்தாபுரா, அத்திப்பள்ளி, பிறகு எல்லைச் சாவடி, தமிழ்நாடு. இரண்டு கல்விக் கொள்கைகளும் முட்டிக்கொள்ளும் இடம் என்றால் இந்தச் சாலைதான். ஆனால் இரண்டு அறிக்கைகளைப் பற்றிய விவாதத்திலும் இந்தச் சாலையோரப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு அதிகம் எழவில்லை.

ஆனேக்கல் தாலுக்காவைச் சேர்ந்த பொம்மசந்திரா ஒரு தொழிற்பேட்டை ஊர். மருந்துக் கம்பெனிகள், உதிரிபாகப் பட்டறைகள், பெரிய ஆஸ்பத்திரி வளாகம், அவற்றுக்கு நடுவே வரிசை வீடுகள். ஒரு வரிசையில் எட்டு வீடு இருந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பம் ஒன்றிரண்டு, ராய்ச்சூர் பக்கத்துக் கன்னடக் குடும்பம் ஒன்று, மற்றவை ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று இருக்கும். பிள்ளைகள் குழாயடியில் ஒரு கலவை மொழியில் சண்டை போடுவார்கள். அரசுத் தொடக்கப் பள்ளி விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: தாய்மொழி. கல்விக் கொள்கைச் சண்டை எல்லாமே கடைசியில் அந்தக் கட்டத்தில்தான் வந்து நிற்கிறது.

கர்நாடகம் இந்தக் கட்டத்துக்காக நாற்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. 1981இல் வந்த கோகாக் குழு அறிக்கை, பள்ளியில் முதல் மொழி கன்னடமே என்றது. அதை நிறைவேற்றச் சொல்லி எழுந்த கோகாக் கிளர்ச்சியில் 1982இல் நடிகர் ராஜ்குமார் இறங்கியதும் மாநிலமே கொதித்தது. வழக்குகள், ஆணைகள், திருத்தங்கள். 1994 ஏப்ரலில் வந்த அரசாணை, ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை பயிற்றுமொழி தாய்மொழி அல்லது கன்னடம்தான் என்றது. அரசு உதவி பெறாத ஆங்கிலப் பள்ளிகளையும் சேர்த்துக் கட்டிப்போட்ட ஆணை அது. பள்ளி நிர்வாகங்கள் கோர்ட்டுக்குப் போயின. வழக்கு இருபது வருஷம் ஓடியது.

2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த ஆணை செல்லாது என்றது. தீர்ப்பில் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றிய பகுதிதான் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு இடம். தாய்மொழி என்றால் என்ன என்று நீதிமன்றம் கேட்டுக்கொண்டது. குழந்தைக்கு எது இயல்பாக வருகிறதோ அந்த மொழி என்ற விளக்கத்தை அது ஏற்கவில்லை. அரசியல் சட்டப்படி அது மாநிலத்திலுள்ள மொழிச் சிறுபான்மையினரின் மொழி, பிள்ளையின் தாய்மொழி எது என்று முடிவு செய்வது பெற்றோரோ காப்பாளரோதான் என்றது. அந்தக் கட்டத்தை நிரப்பும் பேனா அன்றைக்குப் பெற்றோர் கைக்கு வந்தது. பல பெற்றோர் அந்தப் பேனாவால் எழுதியது ‘ஆங்கிலம்’. மொழிப் பற்றாளர்களுக்கு இது கசக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. பெற்றோரையும் குறை சொல்ல முடியாது.

ஏன் என்று பார்ப்போம். தர்மபுரிப் பக்கமிருந்து பொம்மசந்திராவுக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பதி, அவர்களுக்கு இரண்டாம் வகுப்புப் பெண் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியில் ஒப்பந்த வேலை. இரண்டு வருஷம் நீடிக்கலாம், ஆறு மாதத்தில் நின்றும் போகலாம். பிள்ளையைக் கன்னட வழியில் போட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தால், நாலாம் வகுப்பில் தமிழ்ப் புத்தகத்தை முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஆங்கில வழியில் போட்டால் கணக்கும் அறிவியலும் அத்திப்பள்ளியைத் தாண்டியும் அதே மொழியில் இருக்கும். மோகம் என்று ஒரு சொல்லில் இதை ஒதுக்கிவிடுகிறோம். அந்தத் தாய்க்கு அது கைக்கு அடக்கமான ஒரு டி.சி. மாதிரி, எங்கே கொண்டுபோனாலும் செல்லும்.

அரசுக்கும் இது தெரியும். 2019–20 கல்வியாண்டில் கர்நாடக அரசே 1,000 அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பு ஆங்கிலப் பிரிவு தொடங்கியது. கன்னட அமைப்புகளும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள், பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள். அதே சமயத்தில், கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கான விதியையும் மாநிலம் திருத்தியது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இலவச இடம் கேட்க முடியாது. இலவச ஆங்கிலத்துக்கான ஒரு கதவை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தார்கள். இப்போது தோரட் ஆணையம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை கன்னடம் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கட்டும் என்கிறது. அரசின் ஒரு கை ஆங்கிலப் பிரிவைத் திறக்கும்போது, அதே அரசு அமைத்த ஆணையம் மறுபக்கம் காட்டுகிறது. பரிந்துரை அரசாணையாக மாறும்போது இந்த முடிச்சை யார் அவிழ்ப்பார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘கன்னடம் அல்லது தாய்மொழி’ என்பதில் வரும் அந்த ‘அல்லது’ சின்னச் சொல்தான். தேசியக் கல்விக் கொள்கை அதைவிடத் தாராளம். வீட்டு மொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, மாநில மொழி என்று நாலையும் சாய்கோடு போட்டு அடுக்கிவிட்டு, முடிந்த இடங்களில் இவற்றில் சொல்லிக்கொடுங்கள் என்கிறது. சாதாரண கிராமத்தில் நாலும் ஒன்றே. பொம்மசந்திராவில் நாலும் நாலு. ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு வீட்டில் சந்தாலியோ முண்டாரியோ இருக்கலாம், ஊரில் ஒடியா, தெருவில் இந்தி, போர்டில் கன்னடம். அவனுக்கு எந்தச் சாய்கோட்டின் எந்தப் பக்கம்?

இதில் ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று. இரண்டு ஆசிரியர் ஐந்து தாய்மொழிகளில் எப்படிப் பாடம் நடத்துவார்கள்? மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதலே சொல்லிவருகிறது. போதிய வசதி என்பது கடைசியில் ஆள் போடுவதுதான்.

இனி, தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் உறுத்தக்கூடிய விஷயம். இருமொழிக் கொள்கையை நாம் ஒரு கவசமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 1968 முதல் அது தமிழ்நாட்டுக்குக் கவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் கவசம் பெரும்பான்மை மொழியின் அளவுக்குத் தைக்கப்பட்டது. கர்நாடகத்தில் 2015இல் வந்த கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ படித்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தை எந்தப் பெற்றோரும் விடமாட்டார். அப்படியானால் இரண்டு நாற்காலியும் நிரம்பிவிட்டது. தமிழ்ப் பிள்ளையின் தமிழ் எங்கே உட்காரும்? இன்றைய மும்மொழி ஏற்பாட்டில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்றையும் அடுக்கக் காகிதத்திலாவது இடமுண்டு. மூன்றாம் மொழி என்றாலே இந்தி என்று இங்கே பழகிவிட்டதால் அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான். இந்தித் திணிப்பைத் தடுக்கப் பிடுங்கப்படும் மூன்றாவது நாற்காலி, பொம்மசந்திராத் தமிழ்ப் பிள்ளைக்கும் ராய்ச்சூர் உருதுப் பிள்ளைக்கும் உரிய நாற்காலியாகவும் இருந்துவிடுகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதை, கண்ணாடியில் பார்த்த மாதிரி. ஓசூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம், முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம் என்று கட்டாயமாக்கியது. பிள்ளையின் தாய்மொழிக்கு விருப்பப் பாடமாக நாலாம் பகுதியில் இடம் கொடுத்தது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றப் படி ஏறினார்கள், சில ஆண்டுகளுக்கு விலக்கும் வாங்கினார்கள். பெங்களூர்த் தமிழர் கேட்பதையே ஓசூர்க் கன்னடர் கேட்கிறார். ஓரிடத்தில் அதை உரிமை என்றும் இன்னோரிடத்தில் பிடிவாதம் என்றும் எழுதுகிறோம்.

கொள்கைகள் இப்படி முறைத்துக்கொண்டிருந்தாலும் வகுப்பறைகளுக்கு ஒரே பாட்டி வீடு. கர்நாடக அரசுப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்கு ‘நலி-கலி’ என்று ஒரு முறை இருக்கிறது. ஆடிப்பாடிக் கற்பது என்று பொருள். 1995இல் மைசூர் மாவட்டம் எச்.டி. கோட்டேயில் தொடங்கி மாநிலம் முழுக்கப் போனது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. இரண்டுக்கும் மூலம் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷிவேலி. இரண்டிலும் ஏணிப்படி, அட்டைகள், தரையில் வட்டமாக உட்காரும் குழுக்கள். அந்தத் தர்மபுரிப் பெண் பொம்மசந்திராவில் அட்டையைக் கையில் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கே பாதி தெரிந்திருக்கும்.

மொழியும் அவளுக்கு அத்தனை அந்நியம் இல்லை. அட்டையில் மாட்டின் படம், ‘ஹசு’. பக்கத்தில் ‘ஹுலி’, ‘ஹல்லு’, ‘ஹாலு’. பகரத்தில் தொடங்கும் பழைய சொற்கள் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பசு, புலி, பல், பால் என்று நாலு அட்டை புரட்டினால் தானே பிடித்துக்கொள்வாள். பத்து ‘ஹத்து’ ஆவதும் பெண் ‘ஹெண்ணு’ ஆவதும் அவளுக்கு விளையாட்டு. தடுக்கி விழுவது எழுத்தில். தமிழில் ஒரே ‘க’ இருக்கும் இடத்தில் கன்னடத்தில் நாலு. பக்கத்தில் உட்கார்ந்த சந்தாலிப் பையனுக்கு இந்த ஹசு–பசு குறுக்குவழியும் கிடையாது.

அவன் ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். ஒடிசா அரசு 2007 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது. முதல் வகுப்பு முழுக்க வீட்டு மொழி, பிறகு படிப்படியாக ஒடியா, அப்புறம் ஆங்கிலம். அந்தந்த மொழி பேசும் ஆட்களையே ஆசிரியராகப் போட்டார்கள். பொம்மசந்திராவில் அதை அப்படியே நடத்த முடியாது, ஒரே வகுப்பில் ஐந்து மொழி. ஆனால் அட்டையை இரண்டு மொழியில் அச்சடிக்கலாம். வரிசை வீட்டிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை மதிப்பூதியத்துக்கு உதவிக்கு வைக்கலாம். தமிழ்நாட்டு அரசு கன்னடத்திலும் தெலுங்கிலும் சிறுபான்மைப் புத்தகம் அச்சடிக்கிறது. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புத்தகம் கைமாற்றிக்கொள்ள ஆணையம் வேண்டாம், இரண்டு அதிகாரிகள் டீ குடித்தால் போதும்.

தோரட் அறிக்கை இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். மொழி அதில் ஒரு பகுதிதான். 5+3+3+4 என்ற தேசிய அடுக்குக்குப் பதிலாக 2+8+4 வேண்டும், கட்டாயக் கல்வி வயதை 4 முதல் 18 வரை நீட்ட வேண்டும் என்பவையும் உண்டு. வயது நீட்டிப்பு மட்டும் நடந்தால்கூடப் பொம்மசந்திராவில் பெரிய விஷயம். ஷிப்டுக்குப் போகும் தாய் நாலு வயதுப் பிள்ளையை யாரிடம் விடுவாள் என்ற கேள்விக்கு அது பதில்.

அதுவரை, பிள்ளையோடு எல்லை தாண்டும் பெற்றோருக்கு இன்றைக்கே சட்டத்தில் இருப்பது இவ்வளவு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, கேட்டவுடன் தலைமையாசிரியர் டி.சி. கொடுக்க வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிப் புதிய அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சி கேட்கும் உரிமை உண்டு. கர்நாடகப் பள்ளிகள் மே மாதக் கடைசியிலேயே திறந்துவிடும், ஊர்ப் பழக்கத்தில் ஜூனுக்குக் காத்திருக்க வேண்டாம். தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று ஆபீஸ் பையன் முடிவு செய்வதற்கு முன் பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள்.