சமையல் படிப்பா? இல்லைங்க, சத்துப் படிப்பு!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சமயம். முட்டி வலிக்குத் தைலம் வாங்க வந்த செஞ்சி ஆசிரியர் ஒருவர், வலியை விட்டுவிட்டு மகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "நியூட்ரிஷன்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா டாக்டர். அவங்க அம்மா வீட்லயே சொல்லித் தர்ற சமையலுக்கு எதுக்குங்க மூணு வருஷக் காலேஜ்?"

பல வீடுகளில் இதே கேள்விதான். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மருந்து பாதி, பத்தியம் பாதி என்பது எங்கள் சித்த மருத்துவத்தில் பால பாடம். எந்த உணவு வாதத்தைக் கூட்டும், எது பித்தத்தைத் தணிக்கும் என்று படித்துத்தான் வந்தோம். ஆனாலும் எனக்கே கண் திறந்த ஒரு சம்பவம் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவர், உடம்புச் சூட்டுக்குத் தினம் ஓர் இளநீர் குடிக்கலாமா என்று கேட்டார். இளநீர்தானே, என்ன கெடுதல் என்று தலையாட்ட இருந்தேன். அதற்குள் ஆஸ்பத்திரி டயட்டீஷியன் எழுதித் தந்த சீட்டை நீட்டினார். இளநீர் கூடவே கூடாது என்றிருந்தது! சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இளநீரில் இருப்பது அந்தப் பொட்டாசியம்தான். காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. "சத்து போயிடுமே" என்று நாம் பதறுவோம். அவருக்கு அந்தச் சத்து போவதுதான் நல்லது.

இந்தக் கணக்கைத்தான் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். உயிர்வேதியியல், உடலியங்கியல், உணவு நுண்ணுயிரியல், நோய்க்கேற்ற உணவு... சமையலும் உண்டு, ஆனால் தராசும் கையுமாக!

இந்த ஆராய்ச்சி நம் நாட்டில் வேர்விட்டதே தமிழ்நாட்டில்தான். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் சிறிய அளவில் தொடங்கினார். வடக்கத்திக் கோதுமை, பால் உணவையும், நம் பக்கத்து அரிசி உணவையும் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். நம் சாப்பாடு சாப்பிட்ட எலிகள்தான் நோஞ்சானாகின. (கோபம் வேண்டாம், தீட்டிய அரிசியும், பால், காய் குறைந்ததும்தான் குற்றவாளி.) அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அங்கேயும் எம்.எஸ்ஸி. படிக்கலாம்.

இளங்கலைக்குப் பெண் பிள்ளைகள் என்றால் கோவை அவினாசிலிங்கம், சென்னையில் ராணி மேரி, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றில் மனையியல் சார்ந்து படிக்கலாம். பையன்களும் படிக்கலாம்; இருபாலர் கல்லூரிகளில் விசாரியுங்கள்.

வேலை? ஆஸ்பத்திரி டயட்டீஷியன் ஆக பி.எஸ்ஸி. மட்டும் பெரும்பாலும் போதாது. மேற்படிப்பும், ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேண்டும். அதன்பின் இந்திய உணவியலாளர் சங்கத்தின் தேர்வு எழுதி 'பதிவு பெற்ற டயட்டீஷியன்' ஆகலாம். அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கும்போது இந்தப் பட்டமும் செல்லும். உணவுக் கம்பெனி, விளையாட்டு வீரர்களுக்கான ஆலோசனை, கல்லூரி ஆசிரியர் வேலை என்றும் வழிகள் உண்டு. ஆரம்பச் சம்பளம் கம்ப்யூட்டர்காரர்களுடையதைப் போல இருக்காது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

இன்னொன்று. ஆறு வார கோர்ஸ் முடித்து 'நியூட்ரிஷனிஸ்ட்' போர்டு மாட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். 2021-ல் வந்த மத்திய சட்டம் டயட்டீஷியன்களையும் மருத்துவம் சார்ந்த தொழிலினர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையாகப் படித்தவர்களுக்கு இனி மதிப்பு கூடத்தான் செய்யும்.

ஆசிரியர் கடைசியாக, "அட்மிஷன் போடறப்ப என்ன கேக்கணும் டாக்டர்?" என்றார். "பரிசோதனைக்கூடம் இருக்கான்னு பாருங்க. எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நாள் பயிற்சிக்கு அனுப்புவீங்கன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா, வேற காலேஜ் பாருங்க" என்றேன்.