மாயன் கோபுரத்துக்கு எத்தனை ஆள்?

மாயர்கள் வண்டி ஓட்டவில்லை. மாடு, குதிரை அவர்களுக்குத் தெரியாது. உளி, கோடரி எல்லாம் கல்தான். ஆனாலும் எல் மிரடோர் நகரின் லா டாண்டா பிரமிடு 72 மீட்டர் உயரம் நிற்கிறது. வேற்றுக்கிரகவாசிகளை இழுத்து வருபவர்கள் ஆஜராவது இங்கேதான். ஆள் கணக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியைக் கேட்டால் இன்னும் நல்ல பதில் கிடைக்கும்.

மானிடவியலாளர் சார்லஸ் எராஸ்மஸ் செய்ததும் மேஸ்திரி வேலைதான். மெக்சிகோவில் உள்ளூர் ஆட்களை அமர்த்தி, பழைய முறையிலேயே வேலை வாங்கி அளந்தார். கூர்க்கழியால் ஒருவர் ஐந்து மணி நேரத்தில் 2.6 கன மீட்டர் மண்ணைப் பெயர்த்தார். 1965-ல் அவர் வெளியிட்ட கணக்கில், உஷ்மால் நகரின் சடங்கு மையத்துக்கு 75 லட்சம் ஆள்நாட்கள். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 750 பேர் ஆண்டுக்கு 40 நாள் வந்தால் 250 ஆண்டில் தீர்ந்துவிடும். மக்காச்சோள வயலில் வேலை ஓய்ந்த கோடையில் நெற்றிப்பட்டை மாட்டி, முதுகில் கல் சுமக்க ஆள் கிடைத்திருக்கும்.

கல்லை வெட்டிச் சுமந்தால் போதாது, சுண்ணாம்பு வேண்டும். அதற்குக் காடு வேண்டும். பச்சை மரத்துண்டுகளை வட்டமாக நெருக்கி அடுக்குவார்கள். நடுவில் ஒரு துளை. மேலே உடைத்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பி, துளைக்குள் நெருப்பைப் போடுவார்கள். காளவாய்ச் சுவர் கிடையாது. பச்சை விறகு நின்று எரிய, 800 டிகிரிக்கு மேல் கல் வேகும். யுகடானில் 20-ஆம் நூற்றாண்டிலும் இப்படிச் சுட்டார்கள். கோபான் நகரச் சுதையை ஆராய்ந்த கிரனாடா பல்கலைக்கழகக் குழு, அதில் மரப்பட்டைச் சாறு கலந்திருந்ததை 2023-ல் கண்டறிந்தது. சுகும், ஹியோத்தே மரங்களின் சாற்றைச் சேர்த்துப் புதுச் சாந்து செய்து பார்த்தார்கள். சாறில்லாத சாந்தைவிட அது உறுதியாக இருந்தது, நீரில் எளிதில் கரையவும் இல்லை. ஆயிரம் ஆண்டு மழைக்கு கோபான் சுதை ஈடுகொடுத்ததில் வியப்பில்லை.

சரி, இத்தனை பேரை வேலைக்கு அழைத்தது யார்? அரசன் என்போம். அகுவாடா ஃபெனிக்ஸ் அதைக் கேள்விக்குள்ளாக்குகிறது. தபாஸ்கோ மாநிலத்தில், 1.4 கிலோமீட்டர் நீள மண்மேடை; காலம் கி.மு. 1000–800. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளக்கும் லைடார்தான் அதன் முழு உருவத்தைக் காட்டியது. தொல்லியலாளர் தகேஷி இனோமாட்டாவின் குழு 2020-ல் போட்ட கணக்கு: ஒரு கோடி முதல் 1.3 கோடி ஆள்நாட்கள். ஆனால் அரசர் சிலை இல்லை. ஆட்சியாளர் ஒருவர் இருந்ததற்கான தெளிவான அடையாளமும் இல்லை. மேடைக்குள் வெவ்வேறு நிற மண்ணைச் சதுரங்கக் கட்டம்போல் நிரப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பங்கு மண்ணைத் தனித் தனிக் கட்டத்தில் கொட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.