அக்ரூட் மரத்துக்குக் கவாத்து

சோலன், சிம்லா பக்கம் வேலையாக வந்து தங்கிவிட்ட நம் அன்பர்கள் சிலரது வீட்டுக் கொல்லையில் ஓர் அக்ரூட் மரம் நிற்கிறது. "கிளை தகரக் கூரையில் உரசுகிறதே, எப்போது வெட்டலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஜனவரியில் வேண்டாம் என்பதுதான்.

இங்கே ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில், இலை உதிர்ந்த பிறகு கவாத்து செய்வார்கள். அதற்கு வந்த ஆளையே கையோடு அக்ரூட்டிலும் ஏற்றிவிடுகிறார்கள். ஆப்பிள் பொறுத்துக்கொள்ளும், அக்ரூட்டுக்கு அது ஆகாது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் கட்டைக்குள் நீர் அழுத்தத்தோடு ஏறி நிற்கும். அப்போது வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நாள் கணக்கில் சொட்டும். மரம் செத்துவிடாது, காயம்தான் ஈரமாகவே கிடக்கும். நம் ஊர் முருங்கையைப் போல நினைத்தபோது மொட்டையடிக்கிற மரமல்ல இது.

நடுக்கோடையிலிருந்து இலை பழுக்கும் வரை வெட்டலாம் என்பது பொது விதி. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் இங்கே மழை விடாது. எனவே செப்டம்பரில் காய் உதிர்த்து, மழை ஓய்ந்ததும், இலை பச்சையாக இருக்கும்போதே வெட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் வரும் கிளை, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாட்டு அக்ரூட்டில் பெண்பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும். வேலிச்செடியைப் போல நுனிகளைக் கத்தரித்தால் மறுவருடக் காய்ப்பு போயிற்று.

கிளை என்பது ஒரு பக்கம் மட்டும் பிடிமானமுள்ள உத்தரம். ரயில்வேயில் கான்டிலீவர் என்போம். மேலிருந்து மட்டும் அறுத்தால் பாதியிலேயே பாரம் தாங்காமல் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அதனால் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கீழ்ப்புறமாக மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை தனியாக விழும். மீதி முண்டைக் கிளையின் அடியில் தெரியும் வீக்கத்தை ஒட்டி, வீக்கத்தைத் தொடாமல் எடுங்கள். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது.

தார் பூசலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று 1970களிலேயே காட்டிவிட்டார். மரம் காயத்தை ஆற்றுவதில்லை. உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. ஆகவே கிளை மணிக்கட்டுக் கனத்தில் இருக்கும்போதே வெட்டுவது நல்லது. தொடைக் கனமான வெட்டு மூட வருடங்கள் ஆகும், சில மூடுவதே இல்லை.

இன்னொன்று. காஷ்மீரில் காய் உதிர்க்க ஏறி, விழுந்து உயிரைவிட்டவர்கள் பலர். என் வயதுக்காரர்கள் ஏணிப் பக்கம் போக வேண்டாம். பழகிய ஆளுக்குக் கூலி கொடுங்கள். அவர் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, கிளை விழும் இடத்தை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

வெட்டிய தழையைத் தக்காளிப் பாத்தியில் போடாதீர்கள். அதிலுள்ள ஜுக்லோன் தக்காளிக்கு ஆகாது. பட்டையை மட்டும் எடுத்து வையுங்கள், பல் துலக்க அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டு வருவார்கள்.