கொட்டகையில் தூங்கும் ஜாவா

மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் 1961 முதல் 1996 வரை ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் தயாராயின. கிக்கருக்கும் கியருக்கும் ஒரே லீவர் என்பது இவற்றின் தனி அடையாளம்.

அப்படியொரு வண்டி உங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நிற்கிறதா? ஆசையில் உடனே கிக்கரை உதைக்காதீர்கள். துருவேறி இறுகியிருந்தால் பிஸ்டனும் ரிங்குகளும் சேதமாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டிப் பாருங்கள்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்து, துருவை நீக்குங்கள். கார்புரேட்டரையும் சுத்தம் செய்யுங்கள். இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். புதிய பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்க மறந்தால், பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும்.

பாகங்களைக் கழற்றும்போதே கைபேசியில் படமெடுத்து வைத்தால், திரும்பப் பூட்டுவது எளிது. சாலையில் இறக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுங்கள், 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிப்பது கட்டாயம்.