உயிரி எரிசக்திப் பயன்பாடு: ஓர் எண், இரு வாழ்வு

விறகு, சாணம், கரும்பு, தாவர எண்ணெய் முதலான உயிர்ப்பொருள்களிலிருந்து பெறும் ஆற்றலை உயிரி எரிசக்தி என்கிறோம். நாடுகளின் பயன்பாட்டை ஒப்பிடும் அட்டவணைகளில் இது பெரும்பாலும் ஒரே எண்ணாகத் தரப்படுகின்றது. அவ்வெண்ணை மட்டும் நோக்கின், எத்தியோப்பியாவும் சுவீடனும் உயிரி எரிசக்தியை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளாக ஒருங்கே நிற்கும். ஆயின், அவ்வெண் சுட்டும் வாழ்வு ஒன்றன்று.

எத்தியோப்பியச் சிற்றூர்களில் பெண்கள் விறகைத் தேடிச் சுமந்து வந்து அடுப்பெரிக்கின்றனர். வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகின்றது. புகையோ வீட்டினுள் தங்குகின்றது. விறகு, சாணம், மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் எழும் வீட்டுக் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சுவீடனில் மரத்தொழிற் கழிவுகள் பெரிய கொதிகலன்களில் எரிக்கப்பட்டு, அவ்வெப்பம் குழாய்வழி வீடுகளை அடைகின்றது. 1991இல் அங்கு விதிக்கப்பட்ட கரிம வரி, நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் செலவை உயர்த்தி இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது.

உயிரி எரிசக்தியின் மற்றொரு களம் போக்குவரத்து. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, பிரேசில் 1975இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 2025இல் அங்குப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் அளவு 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இந்தியாவும் அதே ஆண்டில் 20 விழுக்காட்டுக் கலப்பை எட்டியது. அந்நாடே 2016 முதல் உஜ்வலா திட்டத்தின்வழி ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கி, விறகடுப்பைக் குறைக்க முயல்கின்றது. எனவே, ஒரே நாட்டில் ஒருவகை உயிரி எரிசக்தி குறைவதும் மற்றொரு வகை பெருகுவதும் முன்னேற்றமாகவே எண்ணப்படுகின்றன.

எனினும், பெருக்கம் அனைத்தும் நன்மையாகிவிடாது. மலேசியா 2006இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையை வகுத்து, 2019இல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காட்டுச் செம்பனை உயிரி டீசல் கலப்பைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், காடழிவுக்கு இடந்தரும் எனக் கருதிச் செம்பனை எரிபொருளை 2030க்குள் தன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்க முடிவுசெய்தது. சிறுதோட்டக்காரர்களின் வருவாயும் காடுகளின் நிலைபேறும் இங்கு எதிரெதிரே நிற்கின்றன.

ஆகவே, ஒரு நாடு எவ்வளவு உயிரி எரிசக்தியைப் பயன்படுத்துகின்றது என்னும் வினா போதாது. அது எந்நிலத்தில் விளைந்தது, யார் சுமந்தது, எவ்வாறு எரிக்கப்பட்டது என்பவற்றையும் சேர்த்து வினவும்போதே அவ்வெண்ணின் பொருள் நமக்குப் புலப்படும்.