கோவில்கள் எரிந்தன! வீடுகள் தப்பின!

மெக்சிகோ நாட்டின் தலைநகரில் இருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால், பழங்கால நகரம் ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அதன் பெயர் தியோதிவாக்கான்.

இந்தப் பெயரை வைத்தவர்கள் அந்த ஊர் மக்கள் அல்ல! ஊர் அழிந்து பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அஸ்டெக் மக்கள் வைத்த பெயர் இது. சூரியனே இங்குதான் பிறந்தது என்று அவர்கள் நம்பினார்கள்.

முதுகில் வந்த மலை

ஊருக்குள் நுழைந்தால், நேரான அகன்ற வீதி. அதற்கு "இறந்தவர் வீதி" என்று பெயர். வடகோடியில் சந்திரப் பிரமிடு. கிழக்குப் பக்கம் சூரியப் பிரமிடு. இதன் உயரம் சுமார் 65 மீட்டர். அடித்தளத்தின் ஒரு பக்கம் மட்டும் 220 மீட்டருக்கு மேல்!

கட்டியவர்களிடம் இரும்புக் கருவி இல்லை. வண்டி இல்லை. பாரம் இழுக்க மாடும் இல்லை, குதிரையும் இல்லை. கல்லும் மண்ணும் மனிதர் முதுகில்தான் வந்தன.

தெற்கே சிறகுப் பாம்புக் கோவில். 1980-ம் ஆண்டுகளில் அங்கு தோண்டினார்கள். கைகள் பின்னால் கட்டப்பட்ட எலும்புக்கூடுகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. எல்லாம் நரபலி!

முற்றம் வைத்த வீடுகள்

இந்த நகரில் 1 லட்சம் பேர் வரை வாழ்ந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். குடியிருப்புகள் மட்டும் சுமார் 2 ஆயிரம். கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவே முற்றம், தண்ணீர் வடிய வாய்க்கால். ஒரே வளைவுக்குள் பல குடும்பங்கள் கூடி வாழ்ந்தன.

தீ வைத்தது யார்?

கி.பி. 550-ம் ஆண்டு வாக்கில் நகரம் தீப்பற்றி எரிந்தது. அயலார் படையெடுத்து வந்து கொளுத்தினார்கள் என்று முதலில் நினைத்தார்கள்.

தீயின் தடமோ வேறு கதை சொல்கிறது. பெரிய வீதியின் ஓரத்தில் இருந்த கோவில்களும் மாளிகைகளும் எரிந்தன. சிலைகளை உடைத்து வீசியிருக்கிறார்கள். ஆனால் சாதாரண மக்களின் வீடுகளில் பெரும்பாலானவை எரியவில்லை!

அயலார் வைத்த தீ என்றால் வீடுகளை மட்டும் விட்டுவைத்திருக்குமா? ஆண்டவர்கள் மீது கோபம் கொண்டு, ஊர் மக்களே தீ வைத்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். முடிவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

இங்கு வருகிறவர்கள் பிரமிடுகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். அத்துடன் திரும்பிவிடக் கூடாது. வீதியை விட்டு விலகி, தெபான்தித்லா போன்ற பழைய குடியிருப்புகளுக்கும் போகவேண்டும். அங்கே சுவர்களில் தீட்டிய வண்ண ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. பாட்டுப் பாடுகிறவர்களும், பந்து விளையாடுகிறவர்களும் அவற்றில் இருக்கிறார்கள்.

பாரம் சுமந்து பிரமிடைக் கட்டிய மக்களின் முகத்தை அங்கேதான் பார்க்கலாம்!